பிரிக்காத ஓர் உறை

இயேசு மரி சூசை

உக்குவளை,
12.08.2025

என் அன்பு மகள் மதுஷிகாவுக்கு அப்பா எழுதுவது.

வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், தையல் மெஷினும் ஓடுகிறது. இதற்கு மேல் சுகம் என்று எழுத, உன் அம்மா போன பிறகு கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் என் கவலை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கன்னத்து எலும்பு தெரிந்தது. அது விளக்கு வெளிச்சம் என்று சொல்லி என்னை ஏமாற்றப் பார்க்காதே. முப்பத்தெட்டு வருஷமாக ஆட்களை அளவெடுக்கிறவன் நான்.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடுதாசி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறான் என்று நீ பயந்திருப்பாய். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. வட்ஸ்அப்பில் உன் முகம் தெரிகிறது, அதுதான் தொல்லை. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய்தான் வருகிறது. ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது. ஆகவே இதை முழுக்க வாசி. பாதியில் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடி, பிறகு மறுபடி எடு.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட லீவு விட்டாயிற்று. பிள்ளைகளின் கால்சட்டைகள் இறக்கம் விட வந்து குவிந்து கிடக்கின்றன. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் எப்படித்தான் இவ்வளவு வளர்கிறார்களோ தெரியவில்லை. பக்கத்து வீட்டு மஸீனா பகலுக்குச் சோறு மூடி அனுப்புகிறாள். வேண்டாம் என்றால் அவளுடைய புருஷன் புஹாரி தன் த்ரீவீலை வாசலில் நிறுத்தி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஹோர்ன் அடிக்கிறான். எதிர்க்கடை ஸஹாப்தீன் நானா இன்னும், “மக கொரியாவுல எந்த ஃபெக்டரி?” என்றுதான் கேட்கிறார். ஃபெக்டரி இல்லை, லாபரட்டரி, பிள்ளை அங்கே புண்ணை ஆற்றுகிற துணி செய்கிறாள் என்று நானும் சளைக்காமல் சொல்லி வந்தேன். நேற்றுக் கேட்டபோது கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி மெஷினுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

ஏனென்றால் இந்த மாதக் கடைசியோடு வேலையை விடப் போவதாக நீ சொல்லிவிட்டாய். கடைக்கு வராத சோதனைத் துணியை யாருக்கும் சொல்லாமல் அம்மாவுக்கு அனுப்பியதையும், அது புண்ணைக் கெடுத்து அம்மாவைக் கொன்றதையும் பேராசிரியருக்கு எழுதி வைத்துவிட்டு ஊருக்கு வருகிறேன் என்றாய். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சொல்லாமல் அனுப்பியது தப்பென்றால் அதை எழுது, நான் தடுக்க மாட்டேன். இரண்டாவதை எழுதாதே மகளே. அது உண்மை இல்லை. உண்மை என்னிடம் இருக்கிறது. அதை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. மார்ச் மாதம் அம்மாவின் இடது பாதத்தில் ஆணி குத்தியது. சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி இல்லை, செருப்பில் இரத்தம் பார்த்துத்தான் அவளுக்கே தெரியும். மே மாதம் உன் சிநேகிதி கையில் அந்தத் துணி வைத்த பத்து உறைகள் வந்தபோது புண் கோட்டுப் பொத்தான் அளவு. கூடவே பத்துக் கட்டம் போட்ட ஒரு தாளும் வந்தது. உறை பிரித்த நேரம், புண்ணின் அகலம், நிறம், வாடை. முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவு, புண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் உறையைப் பிரி, பிரித்த உடனே வை, நாலு நாளுக்கு ஒன்று. இதை எனக்கு மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்துத்தான் நீ போனை வைத்தாய்.

முதல் உறையைப் பிரித்தபோது அதைத் துணி என்று என்னால் நம்ப முடியவில்லை. வெங்காயத்தின் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சவ்வு இருக்குமே, அப்படி இருந்தது. மெஷின் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன், பாவும் இல்லை, ஊடும் இல்லை. உன்னிடம் கேட்டதற்குச் சிரித்தாய். “தறியில நெய்யலப்பா, கரண்டால இழுத்த நூல். ஒரு தலைமயிரை நீட்டுக்கு நூறாக் கிழிச்சா அதுல ஒண்ணு. வல்லாரைச் சாறு நூலுக்குள்ளயே இருக்கு. மிளகுக்கொடி மரத்தைப் பிடிச்சு ஏறுற மாதிரி புதுத்தோல் அதைப் பிடிச்சு ஏறும்” என்றாய். அம்மா கட்டிலிலிருந்தே, “வல்லாரைக்கா இந்தப் பாடு? ப்ளேன் ஏறாமலே நான் சம்பல் போட்டுக் கட்டியிருப்பேனே” என்றாள். அன்று முழுக்க அவள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று உறை முடிந்தபோது புண் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்துவிட்டது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். நான் டேப்பை வைத்து அளந்து எழுதினேன். கிளினிக்கில் மருந்து கட்டுகிற மிஸ் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து போடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். மகள் அனுப்பியது என்று அம்மா சொன்னபோது அவள் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது. தாளில் முதல் மூன்று கட்டத்தில் உள்ளதெல்லாம் சத்தியம். அதற்குக் கீழே உள்ளதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நேற்று இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். இரண்டு கால்சட்டைகளுக்கு ஓரம் அடித்தேன். அடிக்கத் தேவையில்லாத ஓரத்தையும் அடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆணி குத்திய அன்றே அம்மா வஹகோட்டைக் கோயில் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். புண் ஆறத் தொடங்கியதும் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று நின்றாள். முழுசாக ஆறட்டும் என்றேன். “ஆறின பொறகு போனா அது யாவாரங்க. பாதியிலயே போகணும், அதுதான் நம்பிக்கை” என்றாள். உன் அம்மாவோடு வாயாடி நான் எந்தக் காலத்தில் ஜெயித்தேன்? ஜூன் மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை புஹாரியின் த்ரீவீலில் போனோம். மிச்சமிருந்த உறைகளையும் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள். துணி வேலை செய்ததே அந்தோனியாரால்தான், ஆகவே மிச்சத்தையும் அவர் பாதத்தில் தொட்டு வாங்க வேண்டும் என்றாள்.

திருவிழா கிட்டிய நேரம், நல்ல சனம். ஒவ்வொருவரும் கைலேஞ்சியைச் சுரூபத்தின் பாதத்தில் ஒற்றி எடுத்து, நோவு உள்ள இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவை வாங்கில் இருத்திவிட்டு நான் வரிசையில் நின்று, ஆறு உறைகளையும் தொட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் உறைகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “உறையோட தொட்டா ஆசீர்வாதம் உறைக்குத்தானே போகும்? உறையத்தான் நாம குப்பையில போடுறோமே” என்றாள்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் மகளே நடந்தது, வேறு ஒன்றும் இல்லை. வெட்டுகிற நாள் வரை துணிக்கட்டைப் பிரிக்காதே என்று கடையில் வேலை பழகிய எல்லோருக்கும் சொன்ன வாய் இது. நீ மூன்று தரம் சொல்லவைத்ததும் இந்த வாயைத்தான். கோயில் வளவில் மரத்தடி வாங்கில் உட்கார்ந்து, பெருவிரல் நகத்தால் ஆறு உறைகளையும் நான் கிழித்தேன். மறுபடி வரிசையில் நின்றேன். உன் துணியை ஒவ்வொன்றாக, அத்தனை பேர் கை பட்ட அந்தப் பாதத்தில் ஒற்றி எடுத்தேன். அம்மா அவற்றைத் தன் முக்காட்டில் சுற்றி, சாப்பாடு கொண்டுவந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள். திரும்பி வரும் வழி முழுக்க டின்னை மடியிலேயே வைத்திருந்தாள். அந்தோனியார் மேல் ஒரு குற்றமும் இல்லை. உறையைப் பிரி என்று அவர் சொல்லவில்லை.

நாலாவது துணியிலிருந்து எல்லாம் அந்த டின்னிலிருந்து எடுத்தவை. தாளில் ‘உறை பிரித்த நேரம்’ என்ற கட்டத்தில் காலை 7.10, 7.25, 6.50 என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் என் கற்பனை. உண்மை மாதிரி இருக்கட்டும் என்று நிமிஷத்தை மாற்றி மாற்றி எழுதினேன். ஏழாவது கட்டத்தில் வாடை இல்லை என்று இருக்கிறது. வாடை இருந்தது. ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் அதை எழுதினேன்.

இதைவிடப் பெரிய குற்றம் இனித்தான். பத்தொன்பதாம் திகதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றே கொண்டு போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் என்ன போட்டீர்கள் என்று கேட்பார்கள், உன் பெயர் வரும், உன் படிப்புக்குக் கேடு வரும் என்று நினைத்தேன். கோயிலில் செய்ததையும் சொல்லவேண்டி வரும், சிரிப்பார்கள் என்று நினைத்தேன். உன்னைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என்னைத்தான் காப்பாற்றினேன். நாலு நாள் பெனடோலும் கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவள் என்னை யாரென்று கேட்டாள். அப்போதுதான் புஹாரியைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் உன் வயதுப் பிள்ளை. ஏன் இவ்வளவு நாள் பிந்தினீர்கள் என்று கேட்டார். பஸ் இல்லை என்றேன். உக்குவளையில் பஸ் இல்லையாம்! மெயின் ரோட்டில் வீட்டை வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னேன். நாலு நாள் முந்தி வந்திருந்தால் காலையாவது வெட்டாமல் விட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். இருபத்தைந்தாம் திகதி இடது காலை வெட்டி எடுத்தார்கள். இருபத்தேழாம் திகதி அவள் போய்விட்டாள். அதெல்லாம் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒப்பரேஷனுக்கு முந்திய நாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “டின்னு விசயத்தைப் பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அவ ஒடஞ்சி போயிருவா. துணி நல்ல துணி. அதை மட்டும் சொல்லுங்க” என்றாள். சரி என்றேன். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்த வாக்குத்தான் காரணம் என்று எழுதினால், அது இன்னொரு பொய்யாகிவிடும். எனக்குப் பயம், மகளே. அம்மா போய்விட்டாள், நீயும் போய்விடுவாய் என்ற பயம்.

அம்மாவின் அடக்கத்துக்கு நீ வந்து நின்ற நாட்களில் ஒருநாள் குசினியில் அந்தத் தாளை விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனாய். மூன்றாவது வரை ஆறி வந்தது, நாலிலிருந்து ஏன் இப்படித் திரும்பியது, என் துணியில் என்ன பிழை என்று உனக்கு நீயே கேட்டுக்கொண்டாய். பிறகு தலையை நிமிர்த்தி, “எல்லா உறையும் நான் சொன்ன மாதிரிதானேப்பா பிரிச்சீங்க?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ உடனே நம்பினாய். என்னை நம்பிவிட்டு, உன்னைச் சந்தேகப்படத் தொடங்கினாய். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அந்த ஒரு ‘ஆமாம்’ இந்த ஆறு கிழமையாக என் நெஞ்சில் கிடக்கிறது.

முப்பதாம் நாள் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பெரிய அபராதமாகக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஃபாதர் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லிவிட்டு, இது மகளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அன்று பூசை முடிந்து வந்து அம்மாவின் உடுப்புகளைக் கொடுக்க அலுமாரியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாரிக்கு அடியில் ஓர் உறை இருந்தது. பிரிக்காத உறை. மேலே பென்சிலால் ‘மஸீனா’ என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. மஸீனாவுக்கும் சீனி, குதிகாலில் வெடிப்பு. பத்து உறைகள் வந்த அன்றே ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள் உன் அம்மா, தன் காலே ஓட்டையாகக் கிடக்கும்போது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது எனக்கு அதுவரை தெரியவும் இல்லை. அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை.

அந்த உறையை மஸீனாவுக்கு நான் கொடுக்கவில்லை, பயப்படாதே. அவளைக் கிளினிக்குக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ்ஸிடம் ஒன்றையும் மறைக்காதே, எண்ணெய் தடவியதைக்கூடச் சொல் என்று வழி முழுக்கச் சத்தம் போட்டேன். “என்னண்ணே, சொந்தத் தங்கச்சிய ஏசுற மாதிரி ஏசுறீங்க” என்று அவள் பயந்துவிட்டாள். வெடிப்புச் சின்னதுதான், ஆறிவிடுமாம்.

இந்தக் கடுதாசியோடு மூன்று சாமான் வைக்கிறேன். ஒன்று அந்தத் தாள். பொய் எழுதிய இடங்களை, துணியில் அடையாளம் போடுகிற சிவப்புப் பென்சிலால் வெட்டி, பக்கத்தில் உண்மையை எழுதியிருக்கிறேன். இரண்டாவது, டின்னில் மீந்துபோன இரண்டு துணிகள். மந்திரித்த பொருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை, அதனால் தப்பின. தனிப் பையில் கட்டி அதன்மேலும் சிவப்பால் கோடு போட்டிருக்கிறேன். வெறுங்கையால் தொடாதே. அதில் என்ன ஏறியிருக்கிறது என்று உன் லாபரட்டரிக் கண்ணாடியில் வைத்துப் பார். மூன்றாவது அந்தப் பிரிக்காத உறை. பேராசிரியரிடம் போகும்போது இந்த மூன்றையும் என் கடுதாசியையும் மேசையில் வை. வாசித்துக் காட்டு. என் பெயரை மறைக்காதே.

உன் துணி அம்மாவைக் கொல்லவில்லை, மதுஷிகா. சீனி கொன்றதா, நான் நகத்தால் கிழித்தது கொன்றதா, அந்த நாலு நாள் கொன்றதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை. ஆனால் முதல் மூன்று கட்டத்தைத் திரும்பப் பார். கோட்டுப் பொத்தான் சட்டைப் பொத்தான் ஆனது. அதை என் கண்ணால் பார்த்தேன், என் டேப்பால் அளந்தேன்.

லக்கலப் பக்கம், உண்மையாகவே பஸ் இல்லாத ஊரில், காலில் பொத்தான் அளவு புண்ணோடு ஒரு மனுஷி இருப்பாள். அவளுக்கும் புருஷன் என்று ஒரு மடையன் இருப்பான். அவன் என்னென்ன செய்வான் என்பது உன்னோடு வேலை செய்கிற பெரிய படிப்புக்காரர்களுக்குத் தெரியாது, இனி உனக்கு மட்டும் தெரியும். அதனால்தான் நீ அங்கே இருக்க வேண்டும் என்கிறேன். உறையின்மேல் மருந்தின் பெயரை எழுதுகிற இடத்துக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுது. கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ புத்தர் பன்சலைக்கோ கொண்டு போகிறவர்கள் உறையோடு தொட்டால் போதும், ஆசீர்வாதம் உள்ளே போகும் என்று எழுது. உன் அம்மா இருந்திருந்தால் அதை வாசித்துவிட்டு, சரி, பாப்பாவே சொல்லிட்டா என்று சும்மா இருந்திருப்பாள்.

மன்னிப்பு என்று நான் எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அவசரத்தில். உன்னால் முடிகிற நாளில் ஒரு தடவை போன் எடு. பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், மணி அடித்தால் போதும். மெஷின் சத்தத்தில் கேட்காமல் போய்விடும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டுதான் தைக்கிறேன்.

நீ நேர்சரிக்குப் போன நாளிலிருந்து, வாசல் இறங்கும்போதெல்லாம் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியவன் நான். போன மாதம் நீ திரும்பிப் போன அன்று எனக்குக் கை எழவில்லை. நீ படியில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனாய். இப்போது முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, நீ சொல்லிக்கொடுத்தபடி விரலிடுக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிரிக்காத உறையை நான் திறக்கவில்லை. அதை நீயே, உன் கையால், திறக்க வேண்டிய இடத்தில் திற. ஆண்டவர் உன்னையும் உன் கை வேலையையும் காப்பாற்றட்டும். கழுவிய கைதான், மகளே. கொஞ்சம் குனிந்துகொள்.

உன் அப்பா,
சிறில்